நாலு மாத்திரை, திங்கட்கிழமை மட்டும்

கனிஷாய் மாத்திரை கொடுக்கும் நேரத்தில் அந்த வார்டுக்குள் நுழைகிறவர்கள் ஏதோ சண்டை நடக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார்கள். கிர்கிஸ் மலைநாட்டில் அக்-கெச்சு ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி, எலும்பு மூட்டு வார்டு. இருபத்திரண்டு வருடமாக அங்கே நர்ஸ். குட்டையான உருவம், கனமான கை, கீழே காய்கறி விற்கிறவளுக்கும் கேட்கிற குரல். வயதில் சின்னவர்களுக்கு அவள் எஜே, அதாவது அக்கா.

எலும்பு பலவீனத்துக்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டு அவள் நகர மாட்டாள். வெறும் வயிறு, ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர், அதன் பிறகு அரை மணி நேரம் முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும். சாய்ந்தால் மாத்திரை தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். கிழவிகள் தலையணையைப் பார்த்து ஏங்குவார்கள்.

"நான் என்ன உன் கைதியா?"

"அரை மணி நேரத்துக்குக் கைதிதான். அப்புறம் விடுதலை. டீயும் அப்புறம்தான். பால் ஊத்தின டீய இப்பக் குடிச்சா மாத்திரையச் சாக்கடையில போட்டதுக்குச் சமம்."

பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கல்யாண விருந்து ஒவ்வொன்றுக்குப் பிறகும் கால் கட்டைவிரல் தக்காளிபோல் வீங்கி வந்து படுப்பார். கீல்வாதம். குதிரைக்கறியை விடவும் மாட்டார், வலியைப் பொறுக்கவும் மாட்டார்.

"தங்கச்சி, நீ குடுத்த மாத்திரையில வலி காலை விட்டுட்டு வயித்துக்குப் போயிடுச்சு. நேத்து பூரா கக்கூஸ்லயே குடித்தனம்."

"பேதி ஆரம்பிச்சா உடனே நிறுத்திட்டு என்கிட்ட சொல்லணும்னு சொன்னேனா இல்லையா? பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்கச் சொன்னேனா?"

"ஆம்பளை சொல்ற விஷயமா அது?"

"அப்ப ஆம்பளையாவே செத்துப் போங்க. எனக்கென்ன."

வார்டே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

பிரெட்னிசலோன் சாப்பிட்டு முகம் உப்பிப்போன ஒரு தபால்காரி, புருஷன் கேலி செய்கிறான் என்று தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு, மூன்றாம் நாள் தலை சுற்றி விழுந்து வந்து சேர்ந்தாள். கனிஷாய் அவளை விட்டுவிட்டு, பார்க்க வந்த புருஷனைப் பிடித்துக்கொண்டாள். இந்த மருந்தைப் படிப்படியாகத்தான் குறைக்க முடியும், திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று அவன் வாயாலேயே மூன்று தடவை சொல்ல வைத்தாள். அதுதான் அவள் வழக்கம். நோயாளிக்குச் சொல்லி முடித்ததும் இடுப்பில் கை வைத்து நின்றுகொள்வாள்.

"இப்ப நீ நர்ஸ், நான் நோயாளி. சொல்லு, நான் எப்படிச் சாப்பிடணும்?"

தப்பாகச் சொன்னால் திரும்ப முதலிலிருந்து. மற்ற நர்ஸுகள் முகத்தைச் சுளித்தார்கள். தலைமை நர்ஸ் வேனேரா ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம் செலவு பண்றியே, நீ என்ன காலேஜா நடத்துற?"

இன்னொரு வழக்கமும் அந்த வார்டில் இருந்தது. வீட்டுக்குப் போகிறவர்களின் பெயர்கள் ஒரு பதிவேட்டில் இருக்கும். பெயருக்கு நேரே, 'மருந்து விளக்கப்பட்டது' என்ற பத்தியில் நர்ஸ் கையெழுத்துப் போட வேண்டும். காலையில் வந்ததும் அன்றைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதன் பிறகு ஒவ்வொருவராகப் பார்ப்பார்கள். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். கனிஷாயும்.

புபுகான் வந்தது ஒரு செப்டம்பர் நடுவில். ஐம்பத்தெட்டு வயது. கோடை முழுக்க மலைமேல் மேய்ச்சல் நிலத்தில் பால் கறந்து, தயிரை வடித்து உருண்டை பிடித்து, விரல்கள் எல்லாம் வேர்போல் திருகிப்போயிருந்தன. முடக்குவாதம். காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரம் கையை மூட முடியாது. குறை சொல்லத் தெரியாத பெண். ஊசி போட்டால் "நன்றி மகளே" என்பாள், போடாவிட்டாலும் சொல்வாள். கூட இருந்து பார்த்துக்கொண்டவள் மருமகள் ஜிபார். இருபத்தாறு வயது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். மாமியாருக்குத் தலை பின்னிவிடுவாள், கஞ்சி ஊட்டுவாள், அடுத்த கட்டில்காரர்கள் "மகளா?" என்று கேட்டால் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார்கள்.

டாக்டர் மரஸ்பெக் மெத்தோட்ரெக்ஸேட் ஆரம்பித்தார். இரண்டரை மில்லிகிராம் மாத்திரை, நாலு. வாரத்துக்கு ஒரே நாள். ஒரு திங்கட்கிழமை முதல் நாலையும் கனிஷாயே கொடுத்தாள். புபுகான் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள், சின்னப் பிள்ளைபோல.

புதன்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புவதாக முடிவானது.

அந்தப் புதன்கிழமை ஊரில், குதிரைமேல் இருந்தபடி வெட்டிய ஆட்டுக்கடாவை ஒருவரிடமிருந்து ஒருவர் பறித்து இழுக்கும் போட்டி. பத்து மணிக்குள் மூன்று பேரைத் தூக்கி வந்துவிட்டார்கள். ஒருவனுக்குக் காறை எலும்பு, ஒருவனுக்கு விலா, மூன்றாமவனுக்குத் தொடை எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. குதிரை நாற்றமும் ரத்த நாற்றமும் படிக்கட்டு முழுக்க. அவன் அண்ணன் தம்பிகள் எட்டுப் பேர் வார்டு வாசலை அடைத்துக்கொண்டு கத்தினார்கள். கனிஷாய் ஒரு கையால் தொடைக்காரனின் கட்டுத்துணியை அழுத்திப் பிடித்திருந்தாள். அந்த நேரத்தில் ஜிபார் மூட்டையோடு வந்து நின்றாள். கீழே வண்டி காத்திருக்கிறது என்றாள். கனிஷாய் அவளிடம் ஏதோ சொன்னாள். மாத்திரை டப்பாவையும் காகிதத்தையும் கொடுத்தாள், அல்லது வேறு யாரையோ கொடுக்கச் சொன்னாள். புபுகான் தூரத்திலிருந்து திருகிய கையைத் தூக்கி அசைத்தாள். அது மட்டும் கனிஷாய்க்கு நன்றாக நினைவிருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து அதே மூட்டையோடு ஜிபார் மாமியாரைத் தாங்கிப் பிடித்துப் படியேற்றி வந்தாள்.

"வாய்ப்புண்ணு எஜே. ரெண்டு நாளா மாத்திரையத் தவிர ஒண்ணும் இறங்கல. ஜுரமும் இருக்கு."

கனிஷாய் டார்ச்சை எடுத்து வாயைத் திறக்கச் சொன்னாள். உதட்டின் உள்பக்கம், நாக்கு, அண்ணம் எல்லாம் வெந்து உரிந்திருந்தது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே, யாரும் அடிக்காமலே, ஊதா நிறத் திட்டுகள். டார்ச்சை அணைத்தாள்.

"மாத்திரை எப்படிக் குடுத்த?"

ஜிபாரின் முகம் மலர்ந்தது. அந்தக் கேள்விக்கு அவளிடம் நல்ல பதில் இருந்தது.

"ஒருநாள்கூட விடல எஜே. தினமும் காலையில நாலு. நானே எண்ணிக் கையில வெச்சேன். குடுத்ததுக்குக் காலண்டர்ல கோடும் போட்டிருக்கேன். பதினோரு கோடு. வலி ஜாஸ்தியான அன்னிக்கு அந்த வலி மாத்திரையும் சேத்துக் குடுத்தேன்."

காகிதத்தை நீட்டினாள். டாக்டரின் ரஷ்ய எழுத்து. நாலு மாத்திரை, ஒரு முறை. அதற்குப் பக்கத்தில் வாரம் என்பதைச் சுருக்கிப் போட்ட மூன்று எழுத்து ஒரே இழுப்பில் புழு நெளிந்தது போல ஓடியிருந்தது. தெரிந்தவர்களுக்குத்தான் அது வாரம்.

ரத்தப் பரிசோதனை வந்தது. வெள்ளை அணு ஏறக்குறைய இல்லை. தட்டணுவும் இல்லை. அந்த மாத்திரையை முறிக்கும் மருந்து அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. தலைநகரத்தில்தான். ஆம்புலன்ஸ் மதியம் புறப்பட்டது. கணவாயில் அன்றைக்கு முதல் பனி. லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. ஏழு மணி நேரம் பிடித்தது. ஐந்தாம் நாள் புபுகான் இறந்துபோனாள். செய்தி தொலைபேசியில் வந்தது. வேனேரா எடுத்தாள், கேட்டாள், வைத்தாள், கனிஷாயைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். கனிஷாய் அப்போது சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏற்றி முடித்தாள். காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றினாள். நோயாளியின் இடுப்பில் சரியான இடத்தில் குத்தினாள்.

"வலிக்கவே இல்ல எஜே" என்றான் அவன்.

அன்றிலிருந்து அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். பஸ்ஸில் வருமோ, குளிக்கும்போது வருமோ என்று இடம் கொடுத்துப் பார்த்தாள். வரவில்லை. பசித்தது, சாப்பிட்டாள். ருசி தெரிந்தது. தூக்கம் நன்றாக வந்தது. அதுதான் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. கெட்ட கனவு வந்தாலாவது தேவலை. படுத்தால் கல்லைக் கிணற்றில் போட்டது போல ஒரே தூக்கம், விடிந்தால் எழுந்திருத்தல். வார்டில் குரல் தானாகவே இறங்கிவிட்டது. மாத்திரையைக் கொடுத்தாள், விளக்கினாள், திருப்பிச் சொல்லச் சொன்னாள். எல்லாம் முன்போலவேதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. தலைமை ஆசிரியர் மறுபடியும் கட்டைவிரலோடு வந்து படுத்தார். "தங்கச்சி, திட்ட மாட்டேங்குற, பயமா இருக்கு" என்றார்.

நவம்பரில் மாகாணத்திலிருந்து மூன்று பேர் விசாரணைக்கு வந்தார்கள். டாக்டர் மரஸ்பெக்கை இரண்டு மணி நேரம் கேட்டார்கள். அளவு சரி, எழுதியதும் வாரம்தான் என்று அவர் காகிதத்தைக் காட்டினார். பிறகு கனிஷாயைக் கூப்பிட்டார்கள். அவள் வாயைத் திறக்குமுன் வேனேரா பதிவேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். புபுகான் பெயர், அதற்கு நேரே மருந்து விளக்கப்பட்டது, கனிஷாயின் கையெழுத்து.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என்னோடதுதான்."

"சரி. போகலாம்."

அவ்வளவுதான். வீட்டு ஆட்கள் மருந்தைத் தவறாகக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதி முடித்துவிட்டுப் போனார்கள். வேனேரா அவள் தோளைத் தட்டினாள். "தப்பிச்ச. போய் டீ குடி."

கனிஷாய் போய் டீ குடித்தாள். குடித்துக்கொண்டே அந்தப் புதன்கிழமையை எடுத்துப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டது காலை எட்டு மணிக்கு. ஜிபார் வந்தது பதினொன்றுக்கு. 'திங்கட்கிழமை மட்டும்' என்று சொன்னோமா? சொன்னது போலவும் இருந்தது. எத்தனையோ பேருக்குச் சொன்ன வாக்கியம் அது. அந்தக் குரல் காதில் கேட்கத்தான் செய்தது. ஆனால் அது புபுகானுக்குச் சொன்னதா, அவளுக்கு முன்னால் வந்தவளுக்குச் சொன்னதா என்று பிரிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். ஜிபாரைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 'தினமும் நாலு' என்று அங்கேயே வெளிப்பட்டிருக்கும்.

நாற்பதாம் நாள் விருந்து நெருங்கியது. சாவு நடந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் போகும் வழக்கம் இல்லை. கனிஷாயின் கணவன் ஏர்மெக் அந்தப் பக்கம் வேன் ஓட்டுகிறவன். கறுப்புத் தலைத்துணியோடு அவள் வேனில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து எஞ்சினை அணைத்தான்.

"உனக்கென்ன வேலை அங்க? தூங்குற நாயை எழுப்பாத."

"போகணும்."

"மனசு கேக்கலையா?"

"மனசு ஒண்ணுமே சொல்லல. அதனாலதான் போறேன்."

அவனுக்குப் புரியவில்லை. கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

முற்றத்தில் அண்டாவில் குதிரைக்கறி வெந்துகொண்டிருந்தது. ஆண்கள் ஒரு அறையில், பெண்கள் ஒரு அறையில். தரையில் விரித்த நீளத் துணியில் பொரித்த ரொட்டியும் உலர்ந்த பழமும் குவிந்திருந்தன. சுவரோரம் இருபது பெண்கள். வாசல் பக்கம், டீக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவாருக்குப் பக்கத்தில் ஜிபார் உட்கார்ந்து கிண்ணம் கிண்ணமாக டீ ஊற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் பாதியாகிவிட்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. கனிஷாய் அந்த முகத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான்.

ஜிபார் அனுப்பிய கிண்ணங்களில் நாலைந்து, குடிக்கப்படாமலே துணியின் ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்தன.

புபுகானின் தங்கை கூமுஷ் நடுவில் உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நல்லா எண்ணி ஊத்தும்மா. எண்ணிக் குடுக்குறதுல உன்ன மிஞ்ச ஆள் கிடையாதே."

ஒருத்தி பெருமூச்சு விட்டாள். ஒருத்தி ரொட்டியைப் பிய்த்தாள். ஜிபார் நிமிரவில்லை. குழாயைத் திருகி அடுத்த கிண்ணத்தை நிரப்பினாள்.

கனிஷாய் எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டே சொல்லியிருக்கலாம். ஆனால் வார்டில் நின்றுகொண்டு பேசித்தான் பழக்கம்.

"நான் ஆஸ்பத்திரி நர்ஸ். கனிஷாய். அந்தம்மாவ வீட்டுக்கு அனுப்பினது நான்தான். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு தடவை. இந்தப் பொண்ணுகிட்ட அதச் சொல்லி, அவ வாயால திருப்பிச் சொல்ல வெக்கிறது என் வேலை. அன்னிக்கு நான் அதச் செய்யல. செய்யறதுக்கு முன்னாடியே செஞ்சதாக் கையெழுத்துப் போட்டிருந்தேன். இவ தப்புப் பண்ணல. காகிதத்துல இவளுக்குத் தெரிஞ்சதப் படிச்சா. எண்ணிக் குடுத்தா. ஒருநாள் விடாம குடுத்தா."

சமோவார் மட்டும் கொதித்தது. கூமுஷ் வாயில் இருந்த ரொட்டியை மெல்லாமல் வைத்திருந்தாள். ஜிபார் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். அவள் அழுகிறாளா என்று கனிஷாய் காதைத் தீட்டிக் கேட்டாள். சத்தம் ஒன்றும் வரவில்லை.

செய்தி ஆண்கள் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. புபுகானின் கணவர் சுயுன்பாய் வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபதை நெருங்கும் மனிதர். வெள்ளை ஃபெல்ட் தொப்பி. ஊருக்கே அக்சகால், பெரியவர்.

"நீ சொன்னியா சொல்லலையா? ஒரே வார்த்தையில சொல்லு."

"தெரியல அக்சகால். சொன்ன மாதிரியும் இருக்கு. சத்தியம் பண்ண முடியாது. அவகிட்ட திருப்பிக் கேக்கல. அதுக்குச் சத்தியம் பண்ணுவேன்."

கிழவர் திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கனிஷாயும் எதிர்பார்த்தாள், ஏன், விரும்பவும் செய்தாள்.

"இத எழுதிக் குடுப்பியா?"

"குடுப்பேன்."

"எனக்குப் படிக்கத் தெரியாது. என் பையன் படிப்பான். கிர்கிஸ்ல எழுது. எங்க வீட்டுல யாருக்கும் ரஷ்ய எழுத்து வேண்டாம்."

எழுதிக் கொடுத்தாள். சுயுன்பாயின் மகன், ஜிபாரின் கணவன், அதை உரக்கப் படித்தான். பாதியில் நிறுத்தினான். மீதியை மனதுக்குள் படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கறி வந்தது. விருந்தாளிக்கு வைக்கும் துண்டை அவள் தட்டிலும் வைத்தார்கள். சாப்பிட்டாள்.

அந்தக் காகிதம் மாகாணத்துக்குப் போனது. விசாரணை மறுபடியும் திறக்கப்பட்டது. இந்தத் தடவை பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, எந்த நர்ஸ் எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட்டாள் என்று கேட்டார்கள். டாக்டர் மரஸ்பெக்குக்கு எழுத்துமூலம் கண்டனம். வேனேராவுக்கும் ஒன்று. கனிஷாய் ஒரு வருஷத்துக்கு மருந்தைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. கீழ்த்தளத்தில், கருவிகளைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யும் அறைக்கு அனுப்பினார்கள்.

வேனேரா அன்றைக்குப் படிக்கட்டில் வைத்தே கேட்டாள். "யாராவது உன்னக் கேட்டாங்களா? கேட்டாங்களா சொல்லு? நீ பாட்டுக்குப் போய் நின்னுக்கிட்டுப் பிரசங்கம் பண்ணிட்டு வந்துட்ட. இப்ப உன் வேலையையும் நான்தான் செய்யணும், கண்டனத்தையும் நான்தான் வாங்கணும்."

"ஆமா வேனேரா."

"என்ன ஆமா? சண்டையாவது போடேன்!"

போட வரவில்லை. டாக்டர் மரஸ்பெக் எதிரில் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார். கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க ஆவி. இடுக்கிகளை எண்ணி உள்ளே வைத்தாள், எண்ணி வெளியே எடுத்தாள். அந்த வேலை அவளுக்குப் பொருத்தமாகவே இருந்தது. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

குளிர்காலம் அப்படியே போனது. ஏப்ரல் முடியும் நேரம், வேனேரா படியிறங்கி வந்தாள். அவள் அங்கே இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை. ஆவியில் கண்ணாடி மங்கிப் போய்த் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மேல வா. அந்தப் பொண்ணு வந்திருக்கா. புபுகான் மருமக."

ஆட்டுக்குட்டி ஈனும் பருவத்தில் கையால் குட்டி வாங்கியதில் ஜிபாருக்கு ஆடுகளின் காய்ச்சல் தொற்றியிருந்தது. மலைக்காரர்கள் பாதிப் பேருக்கு வருவதுதான். சாயங்காலம் ஜுரமும் வியர்வையும், பிறகு மூட்டைப் பிடித்துக்கொள்ளும். இடுப்பு மூட்டு வீங்கி அவளால் நடக்க முடியவில்லை. இரண்டு மருந்து, ஆறு வாரம், விடாமல். விட்டால் நோய் எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். ஆனால் மூன்று நாளாக ஒரு மாத்திரையைக்கூட அவள் விழுங்கவில்லை. கையில் கொடுத்தால் விரலை மூட மாட்டாள். வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். கணவன் கெஞ்சிப் பார்த்தான். கிழவர் வந்து அதட்டிப் பார்த்தார்.

"நான் மருந்தத் தொடக்கூடாது" என்றாள் கனிஷாய்.

"நான் தொடறேன். நீ பேசு."

ஜிபார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கனிஷாய் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வரவில்லை.

"எஜே" என்றாள் ஜிபார், திரும்பாமலே. "உங்களுக்கு அழுக வந்துச்சா?"

"இல்ல."

"எனக்கும் வரல. ஊரே பாத்துச்சு. அழுத்தக்காரின்னாங்க."

"தூக்கம்?"

"நல்லா வருது. அதான் பயமா இருக்கு."

"எனக்கும்தான்."

ஜிபார் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவையாக அந்த முகத்தில் ஏதோ ஒன்று நகர்ந்தது. ஆறுதல் என்று சொல்ல முடியாது. தனக்கு இருக்கும் நோய் இன்னொருவருக்கும் இருக்கிறது என்று தெரிந்தால் வருமே, அது.

"இந்த மாத்திரை என்ன பண்ணும்?" என்று கேட்டாள்.

கனிஷாய் ஒன்றுவிடாமல் சொன்னாள். இது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சோறு சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு, விழுங்கியதும் படுக்கக்கூடாது. பாலோ, தயிரோ, பால் ஊற்றின டீயோ கூடவே கூடாது, இரண்டு மணி நேரம் தள்ளித்தான். வெயிலில் தோல் சுடும், தலைத்துணியை இறக்கிவிட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று காலையில் வெறும் வயிற்றில். அதில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், ரத்தம் என்று நினைத்துப் பதறக்கூடாது. கண் மஞ்சளானால் மட்டும் உடனே வர வேண்டும்.

"வாரத்துக்கா, தினமுமா?"

"தினமும். இது தினமும்தான்."

"நிஜமாவா?"

"வேனேரா, அந்தக் காகிதத்த இவகிட்ட குடு."

காகிதம் கிர்கிஸில் இருந்தது. பெரிய எழுத்து. அந்தக் குளிர்காலத்தில் யாரும் உத்தரவு போடாமலே வார்டில் அப்படி எழுத ஆரம்பித்திருந்தார்கள். கனிஷாய்க்கு அது அப்போதுதான் தெரியும். ஜிபார் விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். உதடு அசைந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்து, மொத்தத்தையும் தன் வார்த்தையில் சொன்னாள். ஒரு இடத்தில் தடுமாறினாள், மறுபடியும் படித்துச் சரி செய்துகொண்டாள். மாத்திரையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். விழுங்கினாள். படுக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள். கனிஷாயும் கூடவே உட்கார்ந்திருந்தாள்.

கீழே இறங்கும்போது வேனேரா கேட்டாள், "இப்பவாவது மனசுக்குக் கொஞ்சம் தேவலையா?"

கனிஷாய் தேடிப் பார்த்துவிட்டு, "தெரியல" என்றாள். பொய் சொல்லவில்லை.

ஜிபார் ஆறு வாரமும் மருந்து சாப்பிட்டாள். இடுப்பு சரியானது. லேசாக நொண்டுகிறாள், மழைக்காலத்தில் கொஞ்சம் அதிகமாக. கூமுஷ் இன்னும் அவள் வீட்டில் டீ குடிப்பதில்லை. சுயுன்பாய் குடிக்கிறார், அவள் கையால் மட்டும்தான் குடிக்கிறார் என்று சொல்கிறார்கள். கனிஷாயை யாரும் மன்னித்ததாகச் சொல்லவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை. டிசம்பரில் தடை முடிந்து வார்டுக்குத் திரும்பினாள்.

அவளுக்குள் முதலில் திரும்பி வந்தது துக்கம் இல்லை, கோபம். திரும்பிய மூன்றாம் வாரம், ஏர்மெக் வேன் ஓட்டிவிட்டு வந்த ஈர பூட்ஸோடு அவள் அப்போதுதான் துடைத்த தரைமேல் நடந்துபோனான். ஒரு வருஷமாக அவன் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தான். அவளும் ஒரு வருஷமாகப் பேசாமல் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் துணியைச் சுருட்டி அவன் முதுகில் எறிந்தாள்.

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? இது வீடா, குதிரைக் கொட்டடியா?"

ஏர்மெக் திரும்பி நின்றான். ஈரத்துணி காலடியில் கிடந்தது. அவன் பதிலுக்குக் கத்தியிருக்க வேண்டும், அதுதான் வழக்கம். கத்தாமல் குனிந்து துணியை எடுத்து, முழங்காலிட்டு, தரையைத் துடைக்க ஆரம்பித்தான்.

"அங்க இன்னும் சேறு இருக்கு" என்றாள் கனிஷாய். "மூலையில. நல்லா அழுத்தித் துடை."